மாட்டின் செருமலில் இருந்து லேப் ரிப்போர்ட் வரை: சுவாச நோய்ப் பாக்டீரியாவைக் கண்டறிய ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டியே மாட்டுக் கொட்டகை இருக்கும். ஐப்பசி மழை பிடித்தால் தரை ஈரம் காயாது, மூத்திர நெடி மூக்கில் ஏறும், காற்று போக வழி இருக்காது. முதலில் ஒரு கன்று செருமும், நாலு நாளில் பக்கத்து மாடும் செருமும். மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரை கொடுப்பார்கள். கேட்கவில்லை என்றால் ஊசி, அதுவும் கேட்கவில்லை என்றால் வேறு ஊசி. கடைசியாகத்தான் "லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாமா" என்ற பேச்சு வரும். அப்போது எடுத்த ஸ்வாபில் பெரும்பாலும் ஒன்றும் வளராது. "லேப்ல ஒண்ணும் தெரியலயாம்" என்று முடித்துவிடுவார்கள்.

லேபில் தெரியாமல் போவதற்குக் காரணம் அநேகமாக லேபில் இருக்காது. எந்த மாட்டில், எந்த நாளில், எதைக்கொண்டு மாதிரி எடுத்தோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மாட்டின் மூக்குக்குத்தான் அதிக இடம். களத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர், படிக்கும் மாணவர், ஆய்வக டெக்னீஷியன் மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மாடு வளர்ப்பவர்கள் முதல் மூன்று பகுதிகளைப் படித்தால் போதும்.

எதைத் தேடுகிறோம்

மாட்டின் நுரையீரலைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை நான்கு: மான்ஹீமியா ஹீமோலிட்டிக்கா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ். நாள்பட்டு நுரையீரலில் சீழ் கட்டிய மாட்டில் ட்ரூபெரெல்லா பயோஜெனிஸ் ஐந்தாவதாக வந்து சேரும். பழைய புத்தகத்தில் 'பாஸ்டுரெல்லா ஹீமோலிட்டிக்கா' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். 1999இல் மான்ஹீமியா என்று பெயர் மாற்றப்பட்ட கிருமிதான் அது.

இதில் சிக்கல் என்னவென்றால், இந்த நான்குமே நல்ல ஆரோக்கியமான மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கக்கூடியவை. மழை, பயணம், கூட்டம், அம்மோனியா நெடி, ஐபிஆர் போன்ற வைரஸ் தாக்குதல் என்று ஏதாவது ஒன்று மாட்டின் எதிர்ப்பைக் குறைக்கும்போதுதான் இவை பெருகி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. மான்ஹீமியா சுரக்கும் லுக்கோடாக்சின் என்ற நச்சு மாட்டின் வெள்ளை அணுக்களையே உடைத்துவிடும். உடைந்த அணுக்களில் இருந்து கொட்டும் பொருட்கள்தான் நுரையீரல் திசுவை அரிக்கின்றன. ஆகவே "கிருமி இருக்கிறதா" என்பதோடு "இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு இருக்கிறது" என்றும் கேட்டாக வேண்டும். கடைசிவரை இதை மறக்கக் கூடாது.

எந்த மாடு, எந்த நேரம்

கொட்டகையில் மிக மோசமாகக் கிடக்கும் மாட்டைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதில் மாதிரி எடுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த மாடு ஏற்கெனவே நான்கைந்து மருந்து பார்த்திருக்கும். நோயைத் தொடங்கி வைத்த கிருமி போய்விட்டு, பின்னால் வந்து உட்கார்ந்த கிருமிதான் வளரும். உங்களுக்கு வேண்டியது நேற்றோ இன்றோ காய்ச்சல் கண்ட, மூக்கில் இன்னும் தண்ணீர்போல ஒழுகும், ஆன்டிபயாட்டிக் படாத மாடு. அப்படி மூன்று முதல் ஐந்து மாடு கிடைத்தால் நல்லது. முடிந்தால் அதே கொட்டகையில் நோயில்லாத ஒன்றிரண்டு மாடுகளிலும் எடுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

காய்ச்சலை விடியற்காலையில் பாருங்கள். மாட்டின் இயல்பு வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும், 104ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். மே மாதம் மதியம் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் கலப்பின மாட்டுக்கு நோயே இல்லாமலும் மூச்சு இரைக்கும், உடம்பு சுடும். அந்த நேரத்தில் எடுத்த அளவை நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

மருந்து பற்றிக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு.

"அக்கா, இந்த மாட்டுக்கு ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல சார், ஒண்ணும் போடல."

"மாத்திரை?"

"அது மெடிக்கல்ல ஒண்ணு வாங்கி வாழைப்பழத்துல வச்சிக் குடுத்தோம். மஞ்சக் கலர் மாத்திரை. மூணு நாளா."

ஊசி போட்டால்தான் 'மருந்து', மாத்திரை சும்மா கைவைத்தியம் என்பது பலருடைய எண்ணம். அதனால் ஊசி, மாத்திரை, பவுடர், மடியில் ஏற்றும் டியூப் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். காலி அட்டை குப்பையில் கிடந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பட்ட மாட்டைத் தவிர வேறு வழியில்லை என்றால் எடுக்கலாம். ஆனால் கல்ச்சரை (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) நம்பாமல் பிசிஆரை (கிருமியின் மரபணுவைத் தேடுவது) நம்ப வேண்டியிருக்கும்.

மூக்கில் ஸ்வாப் எடுப்பது

மூக்கு ஓட்டைக்குள் அரை விரல் அளவு காட்டனை விட்டுச் சுழற்றி எடுப்பது வீண் வேலை. அதில் வருவது தவிட்டுத் தூசியில் இருந்த பேசில்லஸும் சாணத்தில் இருந்த புரோட்டியஸும்தான். வேண்டியது ஆழ் நாசித்தொண்டை ஸ்வாப். உறை போட்ட நீளமான ஸ்வாபைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். மாட்டுக்குக் கருப்பை ஸ்வாப் எடுக்கப் பயன்படும் இரட்டை உறை ஸ்வாப் இதற்கும் பொருந்தும்.

மாட்டைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மூக்கணாங்கயிறு இருக்கிறது என்று அதை மட்டும் பிடித்து இழுத்தால் மூக்குத் தடுப்பில் ரத்தம் வரும், ஸ்வாபும் ரத்தமாகும். கழுத்துக் கயிற்றையும் தாடையையும் சேர்த்துப் பிடிப்பதுதான் சரி. மூக்கு வாசலைச் சுத்தமான துணியால் துடையுங்கள், பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள்.

இனி அளவு. ஸ்வாபை மாட்டின் முகத்துக்கு வெளியே வைத்து, மூக்கு வாசலில் இருந்து கண்ணின் உள்முனை வரை அளந்து, அந்த இடத்தில் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் உள்ளே போக வேண்டிய தூரம். உறையோடு சேர்த்து மூக்கின் தரையை ஒட்டி, நடுத்தடுப்பின் பக்கமாகச் சாய்த்து மெதுவாகச் செலுத்துங்கள். மேல்நோக்கிச் சென்றால் முட்டும், ரத்தம் வரும். முட்டினால் அழுத்தாமல் கொஞ்சம் வெளியே இழுத்து, கோணத்தைத் தாழ்த்தி மறுபடி செலுத்துங்கள். விரல் பிடித்த அளவு மூக்கு வாசலைத் தொட்டதும் உள்குச்சியைத் தள்ளி நுனியை வெளிவிட்டு, தொண்டைச் சுவரில் படும்படி சில விநாடி சுழற்றுங்கள். நுனியை உறைக்குள் இழுத்துக்கொண்ட பிறகே வெளியே எடுக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான். நுனி வெளியே நீட்டியபடி வந்தால் மூக்கு வாசல் அழுக்கையெல்லாம் துடைத்துக்கொண்டு வரும், அதுவரை பட்ட பாடு வீண்.

ஒரு மாட்டுக்குக் குறைந்தது இரண்டு ஸ்வாப். ஒன்று கிருமியை வழியில் சாகாமல் வைக்கும் ஏமிஸ் போக்குவரத்து ஊடகத்தில், கல்ச்சருக்கு. இன்னொன்று மலட்டு (கிருமி நீக்கிய) உப்புக்கரைசலில், பிசிஆருக்கு. மைக்கோபிளாஸ்மா சந்தேகம் இருந்தால் மூன்றாவது, அதை வளர்க்கும் பிபிஎல்ஓ திரவத்தில். மரக்குச்சியில் சுற்றிய சாதாரணப் பஞ்சு வேண்டாம், அதில் இருக்கும் பொருட்கள் மென்மையான கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். பிளாஸ்டிக் தண்டும் பாலியெஸ்டர் நுனியும் உள்ளதாக வாங்குங்கள்.

நுரையீரலில் என்ன இருக்கிறது என்று நேராகத் தெரிய வேண்டுமானால் ஸ்வாபைத் தாண்டிப் போக வேண்டும். கழுத்தில் மூச்சுக்குழாய் வளையங்களுக்கு இடையே ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வழியே உப்புக்கரைசல் விட்டு உறிஞ்சும் முறை ஒன்று. மூக்கு வழியே நீளக் குழாயை நுரையீரல் வரை இறக்கிக் கழுவி எடுப்பது இன்னொன்று. இரண்டையும் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், மரப்பு ஊசியும் மாட்டைக் கட்டுப்படுத்தும் வசதியும் தேவை. வாய் திறந்து, நாக்கு நீட்டி மூச்சு வாங்கும் மாட்டில் இவற்றைத் தொடவே கூடாது. மூக்குத் தொற்று கலக்காதது மூச்சுக்குழாய்க் கழுவல் என்பதால், மதிப்புள்ள கறவை மாடோ, மருந்துக்கு மசியாத மந்தையோ இருந்தால் என் முதல் தேர்வு அதுதான்.

இறந்த மாட்டில் நுரையீரலின் முன்-கீழ் மடல்களைப் பாருங்கள். ஈரல்போலக் கெட்டிப்பட்ட இடமும் நல்ல திசுவும் சேரும் எல்லையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு எடுங்கள். நடுவில் அழுகியதை எடுத்தால் கிருமியும் செத்திருக்கும். அறுக்கும் முன் ஒரு எச்சரிக்கை: திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் ஒழுகும் மாட்டை அறுக்கவே கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். காது நுனி ரத்தத்தில் ஒரு ஸ்மியர் (கண்ணாடியில் தேய்த்த பூச்சு) எடுத்து, பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஐஸ் பெட்டி, படிவம்

எண்ணூர், மணலி பக்கமிருந்து லேப் இருக்கும் மாதவரத்துக்கோ வேப்பேரிக்கோ மாதிரி வர வேண்டும் என்றால் தூரம் அதிகமில்லை. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் பைக் டிக்கியில் இருக்கும் ஸ்வாப் வெந்துவிடும். தெர்மாகோல் பெட்டி, ஜெல் ஐஸ் பேக், நாலு டிகிரி செல்சியஸ், 24 மணி நேரத்துக்குள் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் தட்டு) ஏற வேண்டும் என்பது கணக்கு. காசிமேட்டில் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி இதற்கு அருமையாக உழைக்கும், புதிதாக வாங்கினால். ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டால் உருகிய தண்ணீர் குழாய் மூடிவழியே உள்ளே போகும், லேபிளில் எழுத்தும் அழியும். வேறு வழியில்லை என்றால் ஐஸைத் தனிப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். கல்ச்சருக்கான ஸ்வாபை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

படிவத்தில் வயது, இனம், மந்தையில் எத்தனை, அதில் எத்தனைக்கு நோய், எத்தனை நாளாக, தடுப்பூசி விவரம், கொடுத்த மருந்தும் தேதியும், மாதிரி எடுத்த இடமும் நேரமும் எல்லாம் வேண்டும். 'மாடு - சளி - கல்ச்சர் ப்ளீஸ்' என்று வரும் படிவத்தை வைத்து மைக்ரோபயாலஜிஸ்ட் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

வடசென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரம் பால் பண்ணையில் இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏற்றி அனுப்பும் மாதிரியை நாம் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கிளம்பும் முன் போனில் சொல்லிவிட்டுப் போனால் பிளேட் தயாராக இருக்கும்.

முதல் நாள்: ஸ்மியரும் பிளேட்டும்

மாதிரி வந்ததும் ஒரு ஸ்லைடில் தேய்த்து மெத்திலீன் நீலம் அல்லது ஜீம்சா சாயம் ஏற்றுங்கள். கழுவல் திரவமோ நுரையீரல் துண்டோ என்றால் இரு முனையும் சாயம் ஏறி நடுவில் வெளுத்த குட்டைக் கோல்கள் தென்படலாம். இது பாஸ்டுரெல்லாக் குடும்பத்தின் அடையாளம். அப்போதே மருத்துவருக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். மூக்கு ஸ்வாபில் இதைப் பார்த்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று வகை அகார் (கிருமிக்கு உணவான கூழ்) பிளேட்: 5 சதவீத செம்மறி ரத்த அகார், சாக்லேட் அகார், மக்கான்கி அகார். ரத்த அகார் தயாரிப்பதில் இங்கே நடக்கும் குறுக்கு வழிகளைச் சொல்லியாக வேண்டும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் ரத்தம் சுலபமாகக் கிடைக்கும்தான், ஆனால் அறுத்த இடத்தில் பிடித்த ரத்தத்தில் கிருமி இல்லாமல் இருக்காது. ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தமும் ஆகாது. அதில் சிட்ரேட்டும் சர்க்கரையும் இருக்கும், கொடுத்தவர் உடம்பில் இருந்த மருந்தும் எதிர்ப்புப் புரதமும் இருக்கலாம், கிருமி ரத்த அணுவை உடைத்துத் தன்னைச் சுற்றி உண்டாக்கும் ரத்தச் சிதைவு வளையமும் மாறிப்போகும். ஆரோக்கியமான செம்மறியின் கழுத்து நரம்பில் மலட்டு முறையில் எடுத்து, கண்ணாடி மணியிட்டுக் குலுக்கி நார்ப்புரதம் நீக்கிய ரத்தம்தான் வேண்டும். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் வேகவைத்த) அகார் 45 - 50 டிகிரிக்கு ஆறிய பிறகு ரத்தத்தைச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் ரத்தம் கறுத்து, கேட்காமலே சாக்லேட் அகார் கிடைக்கும்.

சென்னைப் புழுக்கத்தில் பிளேட் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தச் சொட்டு விழுந்தால் காலனிகள் (கிருமி பெருகிக் கட்டும் புள்ளிகள்) ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊற்றிய பிளேட்டை இன்குபேட்டரில் மூடியைச் சற்று விலக்கிக் கவிழ்த்து அரை மணி நேரம் உலர்த்திவிட்டு ஸ்ட்ரீக் செய்யுங்கள், அதாவது மாதிரியைக் கோடு கோடாக இழுங்கள். நான்கு பகுதியாக, ஒவ்வொரு பகுதிக்கும் லூப்பை (கம்பி வளையம்) சுட்டு ஆறவைத்து இழுக்க வேண்டும். எந்தப் பகுதிவரை வளர்ந்தது என்பதே பிறகு அளவுக் கணக்காகும்.

ரத்த அகாரையும் சாக்லேட் அகாரையும் 37 டிகிரியில், 5 முதல் 10 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாத லேபில் மெழுகுவர்த்தி ஜாடி போதும். மூடிய ஜாடியில் மெழுகுவர்த்தி தானாக அணையும்போது ஏறத்தாழ 3 சதவீதம் சேர்ந்திருக்கும், ஹிஸ்டோஃபிலஸ் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். மக்கான்கிக்குச் சாதாரணக் காற்றே போதும்.

மறுநாள்: பிளேட்டைப் படிப்பது

இருபத்து நான்கு மணி நேரத்தில் பிளேட்டைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

மான்ஹீமியா: சாம்பல் நிறக் காலனி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதைச் சுற்றி ரத்தச் சிதைவு வளையம் இருக்கும். ஆனால் அது மிகக் குறுகியது, சில நேரம் காலனியின் அடியிலேயே ஒளிந்திருக்கும். லூப்பால் காலனியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் அகார் தெளிந்திருப்பது தெரியும். மக்கான்கியில் ஊசிமுனைபோலச் சிவப்புப் புள்ளிகளாக வளரும். ஆக்சிடேஸ் என்ற நொதி உண்டு, இண்டோல் என்ற பொருளை உண்டாக்காது.

பாஸ்டுரெல்லா மல்டோசிடா: வளையமே இருக்காது. ஏ வகை என்றால் ஹையலுரோனிக் அமில உறை காரணமாகக் காலனி வழவழவென்று நீர்த்துளிபோல ஒன்றோடொன்று ஒட்டிப் பரவும். மக்கான்கியில் வளராது. ஆக்சிடேஸ், இண்டோல் இரண்டும் உண்டு. இதற்கென்று ஒரு தனி வாடை உண்டு, பழைய ஆட்கள் அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். நீங்கள் மோந்து பார்க்காதீர்கள். அதே பிளேட்டில் புருசெல்லா இருந்தால் நோய் உங்களுக்கு வரும். ஸ்பாட் இண்டோல் செய்தால் சில விநாடியில் நிறம் சொல்லிவிடும்.

ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி: முதல் நாள் ஒன்றும் தெரியாது. 48 முதல் 72 மணி நேரம் பொறுத்தால் சாக்லேட் அகாரில் மிகச் சிறிய, லேசாக மஞ்சள் ஓடிய காலனிகள் வரும். லூப்பில் அள்ளினால் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். கேட்டலேஸ் நொதி இல்லை, மக்கான்கியில் வளராது. மூக்கு ஸ்வாபில் மற்றவை அமுக்கிவிடுவதால் இது தவறிப்போவதுதான் வழக்கம். 24 மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று பிளேட்டைத் தூக்கிப் போடும் லேப் இதைக் கண்ணால் பார்க்கவே போவதில்லை.

ட்ரூபெரெல்லாவும் மெதுவாக வரும், 48 மணி நேரத்தில் பொடிப்பொடியாக, சுற்றிலும் தெளிவான வளையத்தோடு. கிராம் சாயத்தில் ஊதா நிறத்தில் ஒழுங்கற்ற சிறு கோல்கள். இதற்கும் கேட்டலேஸ் இல்லை.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, மொராக்செல்லா. மாட்டு மூக்கில் சாதாரணமாக இருக்கும், ஆக்சிடேஸ் உண்டு, சிலவற்றுக்கு ரத்தச் சிதைவும் உண்டு. மான்ஹீமியா என்று தோன்றும். ஆனால் அது குளுக்கோஸை நொதிக்க வைக்காது, டிஎஸ்ஐ சாய்வில் (சர்க்கரை நொதித்தால் நிறம் மாறும் அகார் குழாய்) போட்டால் பிரிந்துவிடும். இரண்டு, ஆக்சிடேஸ் சோதனையை நிக்ரோம் லூப்பால் செய்வது. உலோகமே நிறத்தை மாற்றிவிடும். மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் லூப் எடுத்து, ரத்த அகார் காலனியில் இருந்தே செய்யுங்கள், மக்கான்கியில் இருந்து வேண்டாம். கிருமியின் புரதங்களை எடைபோட்டு அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி இருக்கும் இடத்தில் இந்தப் பட்டியலையெல்லாம் தாண்டி சில நிமிடத்தில் பெயர் கிடைத்துவிடும். ஆனாலும் அதில் வைக்கச் சுத்தமான ஒற்றைக் காலனி வேண்டும், அதை இந்தக் கண்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

மைக்கோபிளாஸ்மாவுக்குத் தனி வழி

இதற்குச் செல் சுவர் கிடையாது. அதனால் கிராம் சாயம் ஏறாது, பென்சிலின் வகை எதுவும் வேலை செய்யாது, ரத்த அகாரில் தேடியும் பயனில்லை. நீண்ட நாள் செருமல், பீட்டா-லாக்டம் (பென்சிலின் வகை) ஊசிகளுக்கு மசியாமை, கூடவே கால் மூட்டு வீக்கம், கன்றில் காது தொங்கல், மாட்டில் மடிநோய் என்று சேர்ந்து வந்தால் இதை நினைக்க வேண்டும். குதிரை சீரம் சேர்த்த பிபிஎல்ஓ அகாரும் திரவமும் தேவை. மற்ற கிருமிகளை அடக்கப் பென்சிலினும் தாலியம் அசிடேட்டும் சேர்ப்பார்கள். தாலியம் கொடிய விஷம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சாதாரணச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம். மூன்றாம் நாளில் இருந்து ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தொடங்கலாம், பத்து நாள்வரை பொறுக்க வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தூசி, லென்ஸ் வழியே பார்த்தால் நடுவில் புடைத்து ஓரம் பரந்த குட்டி ஆஃப்பாயில். இதன் உறவான அகோலிபிளாஸ்மாவும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். டிஜிடோனின் ஊறிய காகித வட்டு வைத்தால் மைக்கோபிளாஸ்மா அதைச் சுற்றி வளராது, அகோலிபிளாஸ்மா வளரும். உண்மையைச் சொன்னால், வழக்கமான நோயறிதலுக்கு இதைக் கல்ச்சரில் துரத்துவதைவிட பிசிஆருக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம். கல்ச்சர் முடிவு வரும் நேரத்தில் மாடு தேறியிருக்கும், இல்லை விற்றிருப்பார்கள்.

பிசிஆர்

மருந்து பட்ட மாடு, தாமதமாக வந்த மாதிரி, மைக்கோபிளாஸ்மா, ஹிஸ்டோஃபிலஸ் ஆகிய நான்கு நிலைமையிலும் பிசிஆர் கைகொடுக்கும். பாஸ்டுரெல்லா மல்டோசிடாவுக்கு கேஎம்டி1 மரபணு வரிசையைத் தேடும் பிரைமர்கள் (சிறு டிஎன்ஏ துண்டுகள்) பரவலாகப் பயன்படுகின்றன, ஜெல்லில் 460 கார இணை அளவில் பட்டை வரும். உறை வகையைத் தனியே பார்த்தால் ஏ வகைக்கு 1044, பி வகைக்கு 760. மைக்கோபிளாஸ்மா போவிஸுக்கு யுவிஆர்சி மரபணு நம்பகமானது. நெருங்கிய உறவான மைக்கோபிளாஸ்மா அகலாக்டியேவோடு குழப்பாது.

டிஎன்ஏ பிரிக்கும் இடம், கலவை தயாரிக்கும் இடம், ஜெல் ஓட்டும் இடம் மூன்றும் தனித்தனி அறை, தனித்தனி பிப்பெட், தனித்தனி கோட்டு. ஒரே மேசையில் மூன்றும் நடக்கும் லேபில் சில மாதத்தில் எல்லா மாடும் பாசிட்டிவ் ஆகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் பாசிட்டிவ் கட்டுப்பாடு, தண்ணீர் மட்டும் வைத்த நெகட்டிவ் கட்டுப்பாடு, மாதிரி இல்லாமல் பிரித்தெடுப்பு முழுவதும் கடந்து வந்த குழாய் ஒன்று, மாட்டு மரபணு ஒன்றைத் தேடும் உள்கட்டுப்பாடு ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னது தவறினால் ஸ்வாபில் மாட்டுச் செல்லே இல்லாததையும் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவோம்.

ரியல்-டைம் பிசிஆர் என்றால் சிடி எண்ணையும் (எத்தனையாவது சுழற்சியில் கிருமி தெரிந்தது என்பது) ரிப்போர்ட்டில் போடுங்கள். ஏறத்தாழ 3.3 சுழற்சி வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு மாட்டுக்கு சிடி 20, இன்னொன்றுக்கு 36.5 என்றால் இரண்டுக்கும் நடுவே லட்சம் மடங்கு இடைவெளி. இரண்டையும் வெறுமனே 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுப்பது மருத்துவரைத் தவறான வழியில் அனுப்புவதுதான்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

மூச்சுக்குழாய்க் கழுவலிலோ நுரையீரல் துண்டிலோ ஒரே கிருமி அடர்த்தியாக, நான்கு பகுதிவரை வளர்ந்திருக்கிறதா? தயங்காமல் எழுதுங்கள். மூக்கு ஸ்வாபில் ஐந்தாறு வகை கலந்து, நடுவில் மான்ஹீமியா பத்துக் காலனியா? 'கண்டறியப்பட்டது, காரணம் என்று கூற முடியாது' என்று எழுத வேண்டும். நடுத்தரமான நிலைதான் அதிகம்: மூக்கு ஸ்வாப், ஆனால் நோயுற்ற ஐந்து மாட்டில் நான்கில் ஒரே கிருமி ஏறக்குறையத் தூய்மையாக, நோயில்லாத இரண்டில் இல்லவே இல்லை. இதை நான் காரணமாகவே எடுத்துக்கொள்வேன். தொடக்கத்தில் நோயில்லாத மாட்டிலும் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மான்ஹீமியாவில் சீரோடைப் (ஒரே கிருமியின் உள்வகை) பார்க்கும் வசதி இருந்தால் பாருங்கள். ஏ2 நல்ல மாட்டு மூக்கில் சாதாரணமாக இருப்பது, ஏ1உம் ஏ6உம் நிமோனியாவோடு அதிகம் சேர்ந்து வருவது. வைரஸ் பரிசோதனை செய்யாத கேஸில் 'பாக்டீரியா மட்டும்தான் காரணம்' என்ற தொனி ரிப்போர்ட்டில் வரவே கூடாது.

சென்சிட்டிவிட்டி

எந்த மருந்துக்குக் கிருமி மடிகிறது என்று மருந்து ஊறிய வட்டு வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையைக் காரணம் என்று கருதும் கிருமிக்கு மட்டும் செய்யுங்கள். மூக்கில் கிடைத்த ஈ.கோலைக்குச் சென்சிட்டிவிட்டி போட்டு நீளப் பட்டியல் கொடுப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் (கிருமிக் கரைசலின் அடர்த்தி அளவு), முல்லர்-ஹின்டன் அகாரில் 5 சதவீத செம்மறி ரத்தம், 35 டிகிரி. ஹிஸ்டோஃபிலஸுக்குச் சாக்லேட் செய்த முல்லர்-ஹின்டனும் கார்பன் டை ஆக்சைடும். மைக்கோபிளாஸ்மாவுக்கு வட்டு முறை செல்லாது.

வட்டுகளை மாட்டின் சுவாச நோய்க்கு அளவுகோல் உள்ள மருந்துகளில் இருந்து தேர்ந்தெடுங்கள்: செஃப்டியோஃபர், ஃப்ளோர்ஃபெனிகால், என்ரோஃப்ளாக்சசின், டுலாத்ரோமைசின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்றவை. வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் அளவை, ஆய்வக அளவுகோல்களை வெளியிடும் சிஎல்எஸ்ஐ நிறுவனத்தின் கால்நடைப் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும். மனித மருத்துவமனைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்து மாட்டுக் கிருமியை அளப்பது நடக்கிற கூத்துதான். ஒவ்வொரு முறையும் ஒரு தரக்கட்டுப்பாட்டுக் கிருமியும் கூடவே ஓட வேண்டும். கோலிஸ்டின் வட்டு இன்னும் சில பெட்டிகளில் இருக்கும். 2019இல் உணவுக்கான கால்நடைகளில் அந்த மருந்து தடை செய்யப்பட்டுவிட்டது, அதை ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள்.

மருந்துப் பெயரோடு பால் நிறுத்த நாளையும் மருத்துவர் சொல்ல வேண்டும். லேபிளில் தனியாகக் காலம் குறிக்கப்படாத மருந்துக்குப் பாலில் குறைந்தது 7 நாள், இறைச்சியில் 28 நாள் என்று இந்திய மருந்து விதிகள் சொல்கின்றன. தெருவுக்குத் தெரு நேரடியாகப் பால் ஊற்றும் இடத்தில் இதைக் கறாராகச் சொன்னால்தான் உண்டு.

ஸ்வாபில் பிடிபடாதவை

தொண்டை அடைப்பான் இதே பாஸ்டுரெல்லா மல்டோசிடாவால் வருவதுதான், ஆனால் ஆசியாவில் பி:2 வகை. எருமையில் கடுமை. தொண்டை வீங்கி ஒரே நாளில் செத்துவிடும். மூக்கு ஸ்வாபை நம்பாமல் ரத்த ஸ்மியரும் ரத்தக் கல்ச்சரும் பாருங்கள். செத்து நேரமாகிவிட்டால் சதை நீக்கிய நீள எலும்பை அப்படியே அனுப்புங்கள், மஜ்ஜையில் கிருமி அழுகலுக்குத் தப்பி இருக்கும். தடுப்பூசி ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. மழைக்கு முன் போட்டுவிட்டால் லேப் வரை வரத் தேவையில்லை.

மெலிந்துகொண்டே போய், மாதக்கணக்கில் செருமும் மாட்டில் காசநோயை நினையுங்கள். அதற்குத் தோல் ஊசிச் சோதனை: கழுத்தில் மயிர் மழித்து, தோல் தடிமனைக் காலிப்பரில் அளந்து, 0.1 மில்லி டியூபர்குலின் (காசநோய்க் கிருமியின் புரதம்) போட்டு, 72 மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பாசிட்டிவ். 2 மில்லிமீட்டருக்கு மேல், 4க்குக் கீழ் என்றால் சந்தேகம், பிறகு மறுசோதனை. கல்ச்சருக்கு ஆறு எட்டு வாரமாகும், உயர் பாதுகாப்பு லேபில் மட்டுமே செய்ய வேண்டும். மாட்டுக் காசநோய் என்றால் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்றே படித்திருப்போம். ஆனால் சென்னை மாடு ஒன்றில் பிரித்தெடுத்த மைக்கோபாக்டீரியம் ஒரிகிஸின் முழு மரபணு வரிசை 2019இல் வெளியானது. நம் ஊர் மாட்டில் பிசிஆர் செய்யும்போது போவிஸ் மட்டும் பிடிபடும் பிரைமரோடு நின்றுவிடக் கூடாது. மாடு பாசிட்டிவ் என்றால் வீட்டில் இருப்பவர்களையும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் ஊற்ற வேண்டாம்.

தொற்றும் புளூரா நிமோனியாவில் இருந்து இந்தியா விடுபட்டதாக 2007இல் உலக விலங்கு நல அமைப்பு அறிவித்தது. நுரையீரல் பளிங்குக்கல்போல வரி வரியாகவும் நெஞ்சறை மஞ்சள் நீராகவும் இருக்கும் பிணத்தைப் பார்த்தால், சாதாரண மான்ஹீமியாவாகவே இருந்தாலும், அந்த நோய் திரும்பியிருக்கிறதோ என்று பார்க்கக் கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

கடைசி வேலைகள்

ரிப்போர்ட் மருத்துவர் கைக்குப் போகும் முன்பே, கிருமியின் பெயர் தெரிந்த அன்றே போனில் சொல்லுங்கள். சென்சிட்டிவிட்டிக்கு இன்னொரு நாள் ஆகும் என்றும் சொல்லிவிடுங்கள். கேஸ் வாரியாகச் சுத்தக் கல்ச்சரை 20 சதவீத கிளிசரால் திரவத்தில் மைனஸ் 80 டிகிரியில் சேமித்து வையுங்கள். அடுத்த மழைக்கு அதே தெருவில் இருந்து மறுபடி வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மைனஸ் 80 ஃப்ரீசர் தனி மின்வரியில், ஜெனரேட்டரோடு இருக்க வேண்டும். பயன்படுத்திய பிளேட், ஸ்வாப், கையுறை எல்லாம் ஆட்டோகிளேவ் பையில் 121 டிகிரியில் 30 நிமிடம் வெந்த பிறகே மருத்துவக் கழிவு வண்டிக்குப் போகலாம். தாலியம் கலந்தவற்றை ஆட்டோகிளேவில் வைக்காமல் தனி டப்பாவில், பெயர் எழுதி, ரசாயனக் கழிவாகக் கொடுங்கள்.